முதலில் எடை மேடை, அப்புறம் மற்றதெல்லாம்

பழைய ஃபோர் வீல் டிரைவ் பிக்கப்பை முகாம் போகவும், தார் ரோடு முடிந்த இடத்துக்கு அப்பால் ஓட்டவும் தயார் செய்வது பற்றிக் கேள்விகள் அனுப்பச் சொல்லியிருந்தோம். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் 'முதலில் எதை மாட்டுவது' என்றே கேட்கின்றன. 14 வருடம் ஓடிய டீசல் டபுள் கேப், அதாவது இரண்டு வரிசை இருக்கையுள்ள பிக்கப் ஒன்றை வாங்கி, 11 வருடமாக அதில் சுற்றிக்கொண்டிருக்கிறேன். அந்த வண்டியில் பார்த்ததையும் பட்டதையும் வைத்துத்தான் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: அக்கா, 12 வருடப் பழைய பிக்கப் ஒன்றைப் போன மாதம்தான் வாங்கினேன். லிஃப்ட் (வண்டியின் உடம்பை உயர்த்துவது), பெரிய டயர், வின்ச் (கயிற்றைச் சுருட்டி வண்டியை இழுக்கும் கருவி), கூரைக் கூடாரம் நான்கும் போட ஆசை. எதில் தொடங்கலாம்?

வண்டிக்கு அடியில் படுப்பதில் தொடங்குங்கள், தம்பி. ஒரு டார்ச், ஒரு பழைய ஸ்க்ரூடிரைவர், ஒரு சின்னச் சுத்தியல் போதும். சேஸை ஒரு முனையிலிருந்து மறு முனைவரை தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இரும்பு கணீரென்று கேட்கும். துரு தின்ற இடம் மொத்தென்று கேட்கும். பெட்டி போல மூடிய சேஸில் துரு உள்ளேயிருந்துதான் வெளியே வரும். அதனால் மேலே அடித்த கறுப்புப் பெயின்டை நம்ப வேண்டாம். பின் ஸ்பிரிங் மாட்டியிருக்கும் ஹேங்கர்கள், குறுக்குச் சட்டம் வந்து சேரும் மூலைகள், சேறு தங்கும் பொந்துகள், இவற்றை ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். முனை உள்ளே இறங்கினால் அன்றைக்கே மற்றத் திட்டங்களை நிறுத்திவிட்டு ஒரு நல்ல வெல்டரிடம் காட்டுங்கள்.

அடுத்தது எண்ணெய். முன் டிஃபரன்ஷியல், பின் டிஃபரன்ஷியல் (ஆக்சிலின் இரண்டு சக்கரத்துக்கும் சக்தியைப் பிரிப்பவை), டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் பிரிப்பது), கியர்பாக்ஸ் நான்கையும் திறந்து பாருங்கள். பால் கலந்த காபி நிறத்தில் வந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. ஓடிச் சூடான ஆக்சில் குளிர்ந்த ஆற்றில் இறங்கும்போது உள்ளே இருக்கும் காற்று சட்டென்று சுருங்கும். அப்போது மேலே காற்றுப் போய்வர இருக்கும் பிரீதர் மூடி அடைத்திருந்தால், எண்ணெய் சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். எண்ணெயை மாற்றுங்கள். கையோடு பிரீதரில் ஒரு ரப்பர் குழாயை மாட்டி எஞ்சின் அறையின் மேல்மட்டம்வரை கொண்டுபோங்கள். அரை நாள் வேலை. என் வண்டியில் செய்த மாற்றங்களிலேயே இதைத்தான் உயர்வாக நினைக்கிறேன்.

அப்புறம் முன் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் பேரிங் அல்லது பால் ஜாயின்ட். இடமும் வலமும் ஆட்டுங்கள். அதில் ஆட்டம் இருந்தால் ஸ்டீயரிங் ராடுகள். ஆக்சில் முனையில் உள்ள ரப்பர் பூட் கிழிந்து கிரீஸ் தெறித்திருக்கிறதா பாருங்கள். எஞ்சினில் டைமிங் பெல்ட் இருந்தால், கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்பதற்குக் காகிதம் கேளுங்கள். காகிதம் இல்லையென்றால் மாற்றவே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஃபோர் லோ கியரை, அதாவது நான்கு சக்கரமும் மெதுவாக, அதிக இழுவையோடு சுற்றும் கியரை, மண் தரையில் போட்டுப் பாருங்கள். வருடக்கணக்கில் தொடாத லீவரும் மோட்டாரும் இறுகிப்போயிருப்பது சகஜம்.

இவ்வளவும் முடிந்ததும் எதையும் மாட்டாமல் மூன்று பயணம் போய் வாருங்கள். டாஷ்போர்டில் ஒரு நோட்டு வையுங்கள். இல்லாததால் திணறிய ஒவ்வொன்றையும் அன்றிரவே எழுதுங்கள். எங்கள் முதல் மூன்று பயண நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. அதில் இருப்பவை: பின்னால் எல்லாப் பைகளிலும் புழுதி, டார்ச் கிடைக்கவில்லை, இரண்டு பஞ்சர், படுக்கை மெல்லியது, தண்ணீர் கேன் உருண்டுகொண்டே இருக்கிறது. வின்ச் என்ற சொல் அந்த மூன்று பயணத்திலும் ஒருமுறைகூட இல்லை.

கேள்வி: வண்டியின் சுமை திறன் ஏறக்குறைய ஒரு டன். முகாம் சாமானெல்லாம் எவ்வளவு வந்துவிடப்போகிறது? பின்பக்கம் தாழ்கிறது என்றால் கனமான ஸ்பிரிங் போட்டால் போதாதா?

இதே கேள்வியை ஒரு காலத்தில் நானும் கேட்டவள்தான். அதனால் என் கணக்கையே தருகிறேன். என் பிக்கப்புக்கு அனுமதித்த மொத்த எடை 2,800 கிலோ. வெறும் வண்டி 1,850. மிச்சம் 950 கிலோ.

பெரியவர்கள் இரண்டு, பிள்ளைகள் இரண்டு, ஆக 230. பின் தொட்டிக்கு மூடி 90. முன்னால் இரும்பு பம்பர் 65, அதில் வின்ச் 40. ரேக்கும் கூரைக் கூடாரமும் 95. பிளைவுட் இழுப்பறைகள் 75. சாமானோடு ஃபிரிட்ஜ் 45. தண்ணீர் 60 லிட்டர், அதாவது 60 கிலோ. கேன்களில் 40 லிட்டர் டீசல் 42. இரண்டாவது பேட்டரி 30. கருவிகள், கயிறுகள், பலகைகள் 70. கூடுதல் ஸ்டெப்னி 35. துணி, படுக்கை, பாத்திரம், சாப்பாட்டுச் சாமான் 90. கூட்டிப் பாருங்கள், 967 வரும். தனித்தனியாகப் பார்த்தால் ஒன்றுகூட ஆடம்பரம் இல்லை. எடை மேடையில் ஏற்றியபோது 2,820 காட்டியது.

வருத்தம் என்னவென்றால், நான் எடை மேடைக்குப் போனது ஸ்பிரிங் ஒடிந்த பிறகு. சலவைப் பலகை மாதிரி வரிவரியாக இருந்த மண் பாதையில் இரண்டாம் நாள் மதியம் பின்னால் படார் என்று ஒரு சத்தம். இரும்புப் பட்டைகளை அடுக்கிக் கட்டிய இடது பக்க ஸ்பிரிங்கில் பிரதான பட்டையே இரண்டாகிவிட்டது. ஆக்சில் பின்னுக்கு நகர்ந்து டயர் மட்கார்டில் உரசிக்கொண்டிருந்தது. சேஸுக்கும் ஆக்சிலுக்கும் நடுவில் ஒரு மரக்கட்டையை வைத்து, சுமை கட்டும் பட்டாவால் ஆக்சிலை முன்னுக்கு இழுத்துக் கட்டினோம். தார் ரோடுவரை 70 கிலோமீட்டர். மணிக்கு 15 கிலோமீட்டருக்கு மேல் போக முடியவில்லை. சின்னவள் வழியெல்லாம் "வண்டிக்கு வலிக்குதாம்மா?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள்.

கனமான ஸ்பிரிங் போட்டால் வண்டி நிமிர்ந்து நிற்கும், உண்மைதான். ஆனால் பிரேக், வீல் பேரிங், ஆக்சில் ஹவுசிங், சேஸ் நான்கும் பழையவையேதான். ஸ்பிரிங் மட்டும் மாற்றினால் அனுமதித்த எடை அதிகமாகிவிடாது. இப்படிப்பட்ட இலைக் கட்டு ஸ்பிரிங்குக்கு மேல் காற்றுப் பை வைப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். கட்டு சுமையைச் சேஸின் இரண்டு இடங்களில் பிரித்துக் கொடுக்கும். பை அதையெல்லாம் நடுவில் ஒரே புள்ளியில் குத்தும். அதிக சுமையோடு குழியில் விழுந்தால் சேஸ் அங்கேயே வளையும்.

சுமை எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். இரண்டு ஆக்சிலுக்கும் நடுவே மூன்று மீட்டர் என்று வையுங்கள். பின் ஆக்சிலுக்கு ஒரு மீட்டர் பின்னால் 100 கிலோ தொங்கினால், பின் ஆக்சில் தாங்குவது 133 கிலோ. முன் ஆக்சிலிலிருந்து 33 கிலோ குறையும். ஸ்டீயரிங் லேசாக, மிதப்பது போல ஆவது அதனால்தான். தண்ணீர், பேட்டரி, கருவிப்பெட்டி இவை கேபினை ஒட்டி, தாழ்வாக இருக்கட்டும். போர்வையும் தலையணையும் கடைசியில் போகட்டும்.

நாங்கள் அப்புறம் இரும்பு பம்பரையும் வின்ச்சையும் கழற்றினோம். கூரைக் கூடாரத்தைக் கொடுத்துவிட்டுத் தரைக் கூடாரம் வாங்கினோம். இழுப்பறைக்குப் பதில் நான்கு பிளாஸ்டிக் பெட்டிகள். இப்போது முழுச் சுமையில் 2,560 கிலோ. அதற்குப் பிறகு ஸ்பிரிங் ஒடியவே இல்லை.

கேள்வி: எத்தனை அங்குலம் லிஃப்ட் செய்யலாம்? டயரை எவ்வளவு பெரிதாக்கலாம்?

லிஃப்ட் 2 அங்குலம், ஏறக்குறைய 5 சென்டிமீட்டர். முன்னால் தனித்தனி சஸ்பென்ஷன் உள்ள வண்டியில் அதைத் தாண்டினால் டிரைவ் ஷாஃப்ட் முனைகள் சாய்வான கோணத்தில் சுழன்று சீக்கிரம் தேயும். லிஃப்ட் செய்த அன்றே வீல் அலைன்மென்ட் பாருங்கள். இன்னொன்று, லிஃப்ட் உடம்பைத்தான் தூக்கும். ஒரே ஆக்சிலாக இருக்கும் பின்பக்கத்தில் டிஃபரன்ஷியலின் அடிவயிறு தரையிலிருந்து எவ்வளவு உயரமோ அப்படியே இருக்கும். அதை உயர்த்துவது பெரிய டயர் மட்டும்தான்.

265/70 ஆர் 16 டயரின் விட்டம் சுமார் 777 மில்லிமீட்டர். 265/75 ஆர் 16 என்றால் சுமார் 804. டிஃபரன்ஷியலுக்குக் கிடைக்கும் கூடுதல் உயரம் இதில் பாதி, 13 மில்லிமீட்டர். ஸ்பீடோமீட்டர் முன்பு சரியாகக் காட்டியிருந்தால், இனி 100 காட்டும்போது நீங்கள் போவது 103க்கு மேல். கியர்களும் அதே அளவு உயர்ந்துவிட்டது போல ஆகும். ஏற்றத்தில் இழுவை குறைவது தெரியும். என் அபிப்பிராயம்: அதே அளவில், பக்கச் சுவர் வலுவான ஏ.டி. டயர் (தாருக்கும் மண்ணுக்கும் பொதுவானது) வாங்குங்கள். பழைய வண்டியோடு வந்த டயர் பட்டன் நன்றாக இருந்தாலும் பக்கத்தில் அச்சடித்த நான்கு இலக்கத்தைப் பாருங்கள். 2314 என்றால் 2014ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்தது. வயதான ரப்பர் வெயிலில் நின்றே வெடிப்பு விட்டிருக்கும். ஸ்டெப்னியைப் பார்க்க மறக்காதீர்கள். வண்டியிலேயே வயதானது அதுவாகத்தான் இருக்கும்.

இப்படிப்பட்ட மாற்றங்களுக்கு அனுமதி வேண்டுமா என்பது நாட்டுக்கு நாடு மாறும். வேலைக்கு முன் பதிவு அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: மணலில் இறங்கியதும் வண்டி புதைகிறது. ஆக்சிலின் இரண்டு சக்கரத்தையும் சேர்ந்தே சுற்ற வைக்கும் டிஃபரன்ஷியல் லாக்கர் போட்டால் தீருமா?

முதலில் காற்றை இறக்குங்கள். தார் ரோட்டில் 35 பி.எஸ்.ஐ. வைத்திருந்தால் மணலுக்கு 18க்குக் கொண்டுவாருங்கள். டயர் அகலமாவதைவிட நீளமாகத்தான் தரையில் படியும், டிராக்டர் சங்கிலி மாதிரி. அப்போது வண்டி மணலைத் தோண்டாமல் மேலே ஏறிப் போகும். இந்தக் காற்றில் வேகம் வேண்டாம், திடீர்த் திருப்பம் வேண்டாம். 15க்குக் கீழே போனால் திருப்பத்தில் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடலாம். சரளைப் பாதைக்கு 26, 28 போதும். இதில் கல் கிழிப்பதும் குறையும், வண்டியின் உடம்பும் பிழைக்கும்.

சரியான அளவு இதுதானா என்று தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது. கிளம்பும் முன் குளிர்ந்த டயரில் அளந்து, ஒரு மணி நேரம் ஓட்டிய பிறகு மறுபடி அளங்கள். 4 முதல் 6 பி.எஸ்.ஐ.க்கு மேல் ஏறியிருந்தால் டயர் அதிகமாக நெளிந்து சூடாகிறது. காற்று போதவில்லை, அல்லது சுமையோ வேகமோ அதிகம். தார் ரோடு வந்ததும் மறுபடி நிரப்புங்கள். அதனால் நல்ல கம்ப்ரஸரும் துல்லியமான அளவியும் மற்ற எதற்கும் முன்னால் வாங்க வேண்டியவை. லாக்கர் நல்ல பொருள்தான். ஒரு சக்கரம் அந்தரத்தில் தூக்கும் பாறைப் பாதையில் அது வேண்டும். மணலுக்கு அவசியமில்லை.

கேள்வி: நண்பரின் வண்டி சேற்றில் சிக்கியபோது என் பின்னால் இருந்த டிரெய்லர் கொக்கி உருண்டையில் கயிறு போட்டு, வேகமெடுத்து இழுத்தேன். வந்துவிட்டது. ஆனால் பார்த்தவர் ஒருவர் திட்டினார். தவறா?

தவறு. அவர் திட்டியது உங்கள் மேல் உள்ள அக்கறையில். அந்த உருண்டை டிரெய்லரை மெதுவாக இழுக்கச் செய்தது. வேகமெடுத்து இழுக்கும்போது வருகிற வெட்டு அதன் கழுத்தை முறிக்கும். நைலான் இழுவைக் கயிறு 20, 30 சதவீதம் நீண்டு சக்தியைச் சேர்த்து வைக்கும். உருண்டை முறிந்தால் அந்தச் சக்தி முழுவதும் அதைப் பீரங்கிக் குண்டாக அனுப்பும். கண்ணாடியைத் துளைத்து ஆட்கள் இறந்திருக்கிறார்கள். கப்பலில் வண்டியைக் கட்டி வைப்பதற்காக அடியில் இருக்கும் மெல்லிய வளையங்களும் இழுப்பதற்கு உதவாது.

சேஸில் போல்ட் போட்டு மாட்டும், தாங்கும் எடை பொறித்த இழுவைக் கொக்கி முன்னால் இரண்டு, பின்னால் ஒன்றாவது வேண்டும். லிஃப்டுக்கும் டயருக்கும் வைத்திருக்கும் பணத்தில் முதலில் இதை எடுங்கள். இழுக்கும்போது கயிற்றின் நீளத்தைப்போல ஒன்றரை மடங்கு தூரத்துக்குள் ஒருவரும் நிற்கக் கூடாது, பிள்ளைகள் முக்கியமாக.

கயிற்றைத் தொடும் முன் மண்வெட்டியை எடுங்கள். நான்கு சக்கரத்துக்கு முன்னும் வழி வெட்டி, வயிறு தட்டும் மண்ணைத் தள்ளி, காற்றை இறக்கி, சக்கரத்துக்கு அடியில் பலகை இரண்டைச் செருகினால் பத்தில் ஒன்பது முறை வண்டி தானே வந்துவிடுகிறது, என் அனுபவத்தில்.

கேள்வி: அப்படியானால் வின்ச் யாருக்குத்தான் வேண்டும்?

துணைக்கு இன்னொரு வண்டி இல்லாமல், மரங்களுள்ள சேற்றுப் பாதையில் தனியாகப் போகிறவர்களுக்கு. முழுச் சுமையோடு உள்ள வண்டி எடையைப்போல ஒன்றரை மடங்கு இழுக்கும் வின்ச்சாக இருக்கட்டும். பெட்டியில் எழுதியிருக்கும் அளவு உருளையை ஒட்டிய கடைசி அடுக்கு மட்டும் இருக்கும்போது கிடைப்பது. மேலே சுற்றுகள் ஏற ஏற இழுவை குறையும். கம்பிக்குப் பதில் செயற்கை இழைக் கயிறு வாங்கினால் எடையும் குறையும், அறுந்தால் ஆபத்தும் குறையும். மரத்தில் அகலப் பட்டா சுற்றாமல் கயிறு கட்டாதீர்கள். மரப்பட்டை உரிந்தால் மரம் பட்டுப்போகும்.

கேள்வி: ஸ்நார்கெல் போட்டுவிட்டேன். எவ்வளவு ஆழத்தில் இறங்கலாம்?

ஸ்நார்கெல் போடாத வண்டிக்குச் சொன்ன ஆழம் எதுவோ அதே ஆழத்தில். எஞ்சின் மூச்சிழுக்கும் வாயை அது உயர்த்துகிறது, அவ்வளவே. மின் இணைப்புகளும் கதவுச் சந்துகளும் கீழேயேதான் இருக்கின்றன. ஸ்நார்கெல் குழாயின் இணைப்புகளில் ஒரு கிளிப் தளர்ந்திருந்தாலும் தண்ணீர் உள்ளே போகும். தண்ணீர் அமுங்காது. சிலிண்டருக்குள் போனால் கனெக்டிங் ராட் வளைந்துவிடும். ஓடுகிற தண்ணீர் 60 சென்டிமீட்டர் இருந்தாலே பெரிய வண்டியையும் மிதக்கவிட்டு அடித்துக்கொண்டு போகும். முதலில் ஒருவர் நடந்து பாருங்கள். நடந்து கடக்கப் பயமாக இருந்தால் வண்டியும் வேண்டாம். புழுதிப் பாதையில் சுத்தமான காற்றுக்கு ஸ்நார்கெல் நன்றாக உதவும். அதற்காகப் போட்டதாக வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: 12 வோல்ட் ஃபிரிட்ஜ் இரண்டு நாள் நின்ற இடத்தில் ஓட என்ன பேட்டரி வேண்டும்?

40 லிட்டர் ஃபிரிட்ஜ் வெயில் காலத்தில் ஒரு நாளைக்கு 35 முதல் 50 ஆம்பியர் மணி எடுக்கும். 100 ஆம்பியர் மணி ஈய அமில பேட்டரியில் பாதிக்கு மேல் எடுத்தால் அதன் ஆயுள் போய்விடும். ஆக அது ஒரு நாளைக்குத்தான். அதே அளவு லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி இரண்டு நாள் தாங்கும், எடை பாதிக்கும் கீழே. ஓட்டும்போது சரியாகச் சார்ஜ் ஏற, வண்டியின் பேட்டரிக்கும் இதற்கும் நடுவில் டி.சி.-டி.சி. சார்ஜர் வேண்டும். சுழியம் டிகிரிக்குக் கீழே குளிர்ந்திருக்கும்போது லித்தியத்தைச் சார்ஜ் செய்யக் கூடாது.

வயரிங்கில் ஒன்றே ஒன்றைக் கெஞ்சிக் கேட்கிறேன். ஃபியூஸ் பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும், ஒரு சாண் தூரத்துக்குள். இரண்டு பேட்டரி இருந்தால் இரண்டு பக்கமும். பாதை அதிர்ச்சியில் வயர் சேஸில் உரசித் தோல் போனால், அந்த ஃபியூஸ்தான் தீப்பிடிக்காமல் காக்கும்.

கேள்வி: பின் தொட்டி மூடிக்குள் நானும் என் கணவரும் தூங்குகிறோம். காலையில் உள்ளே எல்லாம் ஈரம். குளிருக்கு ஒரு சின்ன கேஸ் அடுப்பை உள்ளே வைத்துக்கொள்ளலாமா?

வேண்டவே வேண்டாம், தங்கச்சி. அடுப்பு, கரி, எரிகிற தணல் எதுவும் உள்ளே வரக் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தூக்கத்திலேயே ஆளைக் கொண்டுபோகும். எஞ்சினை ஓடவிட்டுத் தூங்குவதும் கூடாது. தலைமாட்டு உயரத்தில் அதற்கான எச்சரிக்கைக் கருவி ஒன்றைப் பொருத்துங்கள். ஈரம் உங்கள் மூச்சிலிருந்து வருவது. எதிரெதிரே இரண்டு ஜன்னலை இரண்டு விரல் அளவு திறந்து வைத்தால் பெருமளவு போய்விடும். மெத்தைக்கு அடியில் காற்றோட இடைவெளி விடுங்கள். குளிருக்கு நல்ல தூக்கப் பையும், மூடி இறுக்கமான வெந்நீர்ப் புட்டியும் போதும்.

கேள்வி: நடுவழியில் எதைச் சோதிக்க வேண்டும் என்று பழக்கப்படுத்திக்கொள்ளலாம்?

ஒவ்வொரு முறை நிற்கும்போதும் நான்கு வீல் ஹப்புக்கும் பக்கத்தில் புறங்கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். மற்ற மூன்றைவிட ஒன்று மட்டும் அனலடித்தால் அங்கே பேரிங் அல்லது பிரேக் பிடிக்கிறது. மாலையில் வீல் நட்டுகள், ரேக் போல்ட்டுகள், பேட்டரிப் பிடி மூன்றையும் ஸ்பேனரால் தொட்டுப் பாருங்கள். புதிதாக ஸ்பிரிங் மாற்றியிருந்தால் முதல் 500 கிலோமீட்டரில், ஸ்பிரிங்கை ஆக்சிலோடு பிடிக்கும் யூ போல்ட்டுகளை மறுபடி முறுக்குங்கள். எங்கள் வீட்டில் ஹப் பார்க்கிற வேலை சின்னவளுடையது. இப்போது அவளுக்குப் பதினேழு வயது. போன பயணத்தில் வலது முன் பேரிங் போகப்போவதை எனக்கு முன்னால் அவள்தான் கண்டுபிடித்தாள்.